முத்துராக்குவின் கை

தங்கை மகள் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தேன். விடிகாலை முகூர்த்தம். பந்திக்கூடத்தில் காபி இன்னும் இறங்கவில்லை. வாசலில் சாய்ந்து கிடந்த வாழைமரத்தை யாரோ நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தவில்காரருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக விரல் கூடுகள், கடையில் வாங்கியவை. வலது கை விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டி, தவிலின் வலந்தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பசை போட்டுச் சுத்துறது இல்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்க தாத்தா காலம் சார். இது லேசு, கழுவி வச்சிக்கிடலாம்" என்றார்.

அந்தத் தாத்தா காலத்துப் பசையின் புளித்த வாசனை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கோயிலுக்குப் பின்தெருவில் கடைசி வீடு தவில்கார அண்ணாச்சியுடையது. கச்சேரி இருக்கிற நாள்களில் காலையிலேயே திண்ணைக்கு வந்துவிடுவார். ஒரு சிரட்டையில் பசை, பக்கத்தில் பழைய வேட்டியிலிருந்து கிழித்த நாடாத் துணி. துணியைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றி, மேலே இன்னொரு சுற்று, அதற்கு மேல் இன்னொன்று. காய்ந்து கல்லாகும் வரை வலது கையை நீட்டியபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். மதினி காபியை இடது கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதுகு அரித்தால் தெருவில் போகிற எங்களில் ஒருவனைக் கூப்பிடுவார். "ஏல, இங்க வா. இன்னும் கொஞ்சம் மேல. ம், அங்கதான்." அந்தக் கூலிக்குத்தான் எங்களுக்குச் சினிமாக் கதைகள் கிடைத்தன.

அண்ணாச்சிக்கு எல்லாப் படமும் ஒன்றுதான், ஒரே ஒரு படத்தைத் தவிர. 'தில்லானா மோகனாம்பாள்' வந்த புதிதில் திருநெல்வேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பிறகு பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கச்சேரிக்குப் போனவர் திரும்பி வருகிற வழியில் இன்னொரு தடவை பார்த்தாராம். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி நாயனம் வாசித்த அழகை ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி மட்டும் அவருக்குப் பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்திருந்த முத்துராக்குவைப் பற்றியே பேசினார். அந்த முத்துராக்கு, டி.எஸ்.பாலையா.

எங்கள் டூரிங் கொட்டகைக்கு எந்தப் படமும் நகரத்தில் ஓடித் தேய்ந்த பிறகுதான் வரும். படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்குகிற அன்று சாயங்காலமே கொட்டகையில் ரெக்கார்டு போட்டுவிடுவார்கள். 'தில்லானா மோகனாம்பாள்' வந்த அன்று அண்ணாச்சி எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். பெஞ்சுக்குக் காசு இருந்தும் தரை டிக்கெட்தான் எடுத்தார். "தவில்காரனுக்குத் தரைதாம்ல சரி" என்றார். மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்துகொண்டோம். நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. திரையில் பாலையா தவிலைத் தொட்ட போதெல்லாம் கொட்டகையில் பாதிப் பேர் திரையை விட்டுவிட்டு அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார்கள். முறுக்கு விற்கிற பையன்கூட நின்று பார்த்தான். அண்ணாச்சி தலையாட்டினால் அது சரி, உதட்டைப் பிதுக்கினால் அது தப்பு. ஒரு ரீல் முடிந்து விளக்குப் போட்டதும் பெஞ்சிலிருந்து யாரோ, "என்ன அண்ணாச்சி, கை எப்படி?" என்று சத்தமாகவே கேட்டார். அண்ணாச்சி பதில் சொல்லாமல் சோடா வாங்கிக் குடித்தார்.

வாய்க்கால் கரையில் திரும்பி நடக்கும்போதுதான் தீர்ப்பு வந்தது.

"கை தப்பு. விரல் விழுந்தா மணிக்கட்டுல்லா தெறிக்கணும்? இவுகளுக்குத் தோள் ஆடுது. ஆனா பாத்துக்கோ, முகம் தப்பே கெடையாது. நாயனம் வாசிக்கும்போது தவில்காரன் எங்க பாக்கணும்? சனத்தையா? நாயனக்காரர் கன்னத்தப் பாக்கணும். எப்ப மூச்சு எடுக்கப் போறாரு, எங்க எடம் விடப் போறாருன்னு பாக்கணும். இந்த மனுசன் அதத்தான் பாக்காரு. யார் சொல்லிக் குடுத்தாகளோ தெரியல."

கொஞ்ச தூரம் போனதும் ஒரு குறையும் சொன்னார். முத்துராக்குவைக் குடிகாரராகக் காட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. "மேளக்காரன்னா குடிப்பான்னு எழுதிட்டாகல்லா" என்று வருத்தப்பட்டார். அண்ணாச்சிக்கும் அந்தப் பழக்கம் உண்டென்பது ஊருக்கே தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை அது. கோபுலு படம் போட்டார். 1968இல் ஏ.பி.நாகராஜன் அதைப் படமாக எடுத்தார். சிவாஜிக்குப் பின்னால் உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கன்னம் உப்புவதும் தொண்டை நரம்பு புடைப்பதும் வாசிப்போடு எப்படி இழைந்தன என்று சிவாஜியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் வாசித்து முடித்ததும் ஒரு வித்துவானின் முகத்தில் தெரிகிற கர்வம் நமக்கு எட்ட வேண்டுமானால், பக்கத்தில் இருக்கிறவர் முகத்தில் அது முதலில் பட்டுத் தெரிய வேண்டும். சண்முகசுந்தரத்தின் கோபம் எப்போது வெடிக்கும் என்று முத்துராக்குவுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். கோயில் கச்சேரியில் வாணவேடிக்கைச் சத்தம் கேட்டு அவர் வாசிப்பை நிறுத்துகிற இடத்தில் பாலையாவைக் கவனித்துப் பாருங்கள். கூடவே வாழ்ந்து அலுத்துப்போன, ஆனால் விட்டுப் பிரிய முடியாத ஒருவரின் முகம் அது. எங்கள் அண்ணாச்சிக்கும் அவருடைய நாயனக்காரருக்கும் இருந்த உறவு அப்படியேதான். வருஷத்தில் பாதி நாள் பேச மாட்டார்கள். கச்சேரிக்கு மட்டும் ஒரே வண்டியில் போவார்கள்.

அந்தப் படத்தை நான் பார்த்தபோது பாலையா இறந்துபோயிருந்தார். 1972 ஜூலையில் காலமானார், அறுபது வயதுகூட ஆகவில்லை. இறந்துவிட்டார் என்று தெரிந்தே நான் திரையில் பார்த்த முதல் மனிதர் அவர்தான். செத்துப்போனவர் எப்படி இவ்வளவு சிரிக்கிறார் என்று அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் அவரை 'நம்ம ஊர்க்காரர்' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருந்தது. பெயருக்கு முன்னால் நிற்கிற 'டி' என்ற எழுத்தே திருநெல்வேலிதான். பிறந்தது சுண்டங்கோட்டை, 1914. அது இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம், அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை. அந்தத் தலைமுறை நடிகர்கள் பலரையும் போல நாடகக் கம்பெனி வழியாக வந்தவர். நாடகக் கம்பெனியில் பையன்களுக்குக் கிடைத்த படிப்பு இன்றைக்கு எந்த நடிப்புப் பள்ளியிலும் கிடைக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெண் வேஷமும் போட வேண்டும், கிழவன் வேஷமும் போட வேண்டும், பாடவும் வேண்டும், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி மைக் இல்லாமல் பேசவும் வேண்டும். அந்தப் படிப்பில் அடியும் உதையும் சேர்த்தி என்பதையும் மறந்துவிடக் கூடாது.

1936இல் 'சதி லீலாவதி'. எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கியது, கதை எஸ்.எஸ்.வாசன். எம்.கே.ராதா கதாநாயகன். எம்.ஜி.ஆருக்கும் கலைவாணருக்கும் அதுதான் முதல் படம். பாலையாவுக்கும் அதுவே முதல் படம். அந்த ஒரே பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எம்.ஜி.ஆர். தலையைக் காட்டிவிட்டுப் போகிற வேடத்தில் வந்தார். பாலையாவுக்கோ முதல் படத்திலேயே பெரிய வில்லன் வேடம். அடுத்த வருஷமே 'அம்பிகாபதி'. தியாகராஜ பாகவதருக்கு எதிரே வாளெடுத்து நின்றார்.

அந்த 'அம்பிகாபதி'யால் எங்கள் வீட்டில் ஒரு சங்கடம் உண்டாயிற்று. அப்பாவைப் பெற்ற ஆச்சி, கல்யாணமான புதிதில் தாத்தாவோடு திருநெல்வேலிக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த படம் அது. பாகவதர் மேல் ஆச்சிக்குப் பக்தி. ஆகவே பாலையா மேல் தீராத பகை. பின்னால் 'மதுரை வீர'னில் நரசப்பனாக வந்து எம்.ஜி.ஆருக்குக் குழி பறித்தபோது அந்தப் பகை இரட்டிப்பாகிவிட்டது. பல வருஷம் கழித்து, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு டவுனுக்குப் போன இடத்தில் எல்லாருமாகக் 'காதலிக்க நேரமில்லை' பார்த்தோம். கொட்டகையே சிரிக்கிறது. ஆச்சி மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன ஆச்சி, சிரிப்பு வரலியா?"

"நீங்க சிரிங்கல. எனக்கு இவனத் தெரியும். கடேசில வெசத்த வப்பான், பாத்துக்கோ."

படம் முடிந்து வெளியே வந்த பிறகும் நம்பவில்லை. ஒன்றும் செய்யாமல் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டானே என்று வீடு வந்து சேருகிறவரை யோசித்துக்கொண்டே வந்தாள். ஒரு நடிகர் முப்பது வருஷம் வில்லனாக நடித்ததற்கு இதைவிடப் பெரிய பட்டயம் வேறென்ன வேண்டும்?

ஆனால் அவர் வில்லனாகவே இருந்துவிடவில்லை. 'வேலைக்காரி'யில் அண்ணா எழுதிய மணி என்ற நண்பன் வேடம். ஆத்திரத்தில் கொலைக்குக் கிளம்புகிற கே.ஆர்.ராமசாமியைத் தடுத்து, மூளையால் பழிவாங்கக் கற்றுக்கொடுப்பவன். 1949இல் அந்தப் படத்தின் வசனம் திராவிட இயக்கத்துக்காரர்களுக்கு மனப்பாடம். எங்கள் ஊரில் சலூன் வைத்திருந்தவர், முகத்தில் சோப்பு நுரையோடு நாம் அசைய முடியாமல் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து மணியின் வசனத்தை ஆரம்பிப்பார். முடிகிறவரை கத்தி கன்னத்துக்கு வராது. 'தூக்குத் தூக்கி'யில் சேட்டாக வந்து இந்தி வாடையடிக்கும் தமிழ் பேசினார். அதற்குப் பிறகு எங்கள் கடைத்தெருவில் அடகுக்கடைக்காரர் பாடு கஷ்டமாகிவிட்டது. அவர் வாயைத் திறந்தாலே பையன்கள் பாலையா குரலில் பதில் சொன்னார்கள்.

குரல் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் பார்ப்பதற்கு முன்பே எனக்கு பாலையாவைக் காதால் தெரியும். கோயில் கொடை, காதுகுத்து, சடங்கு எதுவானாலும் புளியமரத்தில் குழாய் கட்டிவிடுவார்கள். பாட்டு ரெக்கார்டு தீர்ந்தால் கதைவசன ரெக்கார்டு. 'திருவிளையாடல்' இல்லாத ரேடியோ செட் எங்கள் பக்கத்தில் கிடையாது. தருமியின் புலம்பல் எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கு, பாலையா நடித்த ஹேமநாத பாகவதரைப் பிடித்தது. ஆள் எப்படி இருப்பார் என்று தெரியாது; குரலை வைத்தே நானாக ஓர் உருவம் செய்து வைத்திருந்தேன். கனத்த உடம்பு, பெரிய வயிறு, வாய் நிறைய வெற்றிலை. பிறகு படத்தில் பார்த்தபோது நான் கற்பனை செய்ததைவிட ஆள் சின்னதாக இருந்தார். மிடுக்கு மட்டும் இரண்டு பங்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். முழுப் படத்தையும் வெட்டிச் சுருக்கி ஒரு மணி நேரத்தில் போடுவார்கள். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம். தெரு முழுக்க எல்லா வீட்டிலும் ஒரே வசனம் ஓடும். ஒரு வீட்டில் விட்டதை அடுத்த வீட்டு வாசலில் பிடித்துக்கொண்டே நடக்கலாம். பார்க்காத படத்தின் ஒலிச்சித்திரத்தைக் கேட்பதில் ஒரு தொந்தரவு உண்டு. நாலைந்து ஆண் குரல்கள் சேர்ந்து வந்தால் யார் யாரென்று குழம்பிவிடும். பாலையா விஷயத்தில் அந்தக் குழப்பமே வந்ததில்லை. ஒரு வாக்கியத்தை ஓங்கிய குரலில் ஆரம்பித்து, நடுவில் ஒரு இழுவை இழுத்து, கடைசிச் சொல்லை மூக்குக்குள் விட்டு முடிப்பார். இரண்டாவது வார்த்தையிலேயே அம்மா அடுப்படியிலிருந்து "பாலையா வந்தாச்சு" என்பாள்.

'திருவிளையாடல்' 1965. கண்ணதாசன் எழுதி, கே.வி.மகாதேவன் இசையமைத்து, பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டுக்குத்தான் ஹேமநாதர் வாயசைக்கிறார். ராகமாலிகை. தர்பார், தோடி, மோகனம், கானடா என்று ராகங்களின் பெயர்களையே வரிகளுக்குள் ஒளித்துவைத்து எழுதியிருப்பார் கவிஞர். இப்படிப்பட்ட சாரீரத்துக்கு வாயசைக்கிற நடிகர்கள் பெரும்பாலும் பயந்துவிடுவார்கள். சங்கதிகளைப் பிடிப்பதிலேயே முழுக் கவனமும் போய், முகம் கல்லாகிவிடும். பாலையாவுக்கு அந்தப் பயமே இல்லை. பாட்டு தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்கிற மாதிரி, சபையில் இருக்கிறவர்களைக் கிண்டலாகப் பார்த்துக்கொண்டே பாடுகிறார். தன் பாட்டைத் தானே ரசிக்கிறவனின் அலட்சியம் அது. கர்நாடக சங்கீதக் கச்சேரிகளில் அந்தப் பார்வையை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். யாரென்று சொல்ல மாட்டேன்.

அந்தக் கர்வம் இறங்குகிற இடம் இன்னும் அருமை. விறகுவெட்டியாக வந்த சிவன் பாடுவதை ராத்திரியில் கேட்கிறார் ஹேமநாதர். போட்டியில் தன்னோடு பாட வேண்டிய பாணபத்திரர் வேண்டாமென்று ஒதுக்கிய ஒருவனே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு மனசுக்குள் ஓடுகிறது. சபையில் நிமிர்ந்திருந்த கழுத்து இப்போது தோளுக்குள் இறங்கிவிடுகிறது. அதிகாரமாகப் பேசிய நாக்கு குழறுகிறது. இரவோடு இரவாக ஊரை விட்டுக் கிளம்புகிறார். அந்த இடத்தில் நமக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. வில்லன், சிரிப்பு நடிகர், குணச்சித்திரம் என்று மூன்று பெட்டி வைத்து நடிகர்களைப் பிரிக்கிறவர்கள் ஹேமநாதரை எதில் போடுவார்கள்?

'காதலிக்க நேரமில்லை'யில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை அப்பாவாக வரும் பாலையாவிடம் சொல்கிற காட்சியைப் பற்றிப் பேசாமல் பாலையாவைப் பற்றி யாரும் பேசி முடித்ததில்லை. நானும் தப்ப முடியாது. அறுபது வருஷமாக அந்தக் காட்சி ஓடுகிறது. இப்போது கைப்பேசியில் துண்டு துண்டாக ஓடுகிறது. சின்ன வயதில் நாகேஷைப் பார்த்துத்தான் சிரித்தேன். அந்தக் கதவுச் சத்தம், காலடிச் சத்தம், அந்த முழி. நாற்பது வயதுக்கு மேல்தான் கண் தானாகவே நாற்காலிப் பக்கம் போயிற்று. பாலையாவுக்கு அங்கே வசனமே கொஞ்சம்தான். கதை கேட்க விருப்பமில்லாமல் உட்காருகிறார். பிறகு மகனைப் பற்றிய சந்தேகம். பிறகு தன்னையறியாமல் கதைக்குள் இழுபடுகிறார். பிறகு பயம். வியர்வை. பயந்ததை மகன் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சம். நாகேஷ் ஒரு சத்தம் எழுப்பி நிறுத்துகிற இடைவெளியில்தான் இவர் முகம் மாறுகிறது. அவர் பேசுகிறபோது மாறுவதில்லை. எடம் விடுகிற இடத்தைப் பார்க்கணும் என்று வாய்க்கால் கரையில் அண்ணாச்சி சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தியில் 'பியார் கியே ஜா' என்று எடுத்தபோது அந்த அப்பா வேடத்தை ஓம் பிரகாஷும் மகன் வேடத்தை மெஹ்மூதும் செய்தார்கள். மெஹ்மூதுக்கு அதற்காக பிலிம்பேர் விருதே கிடைத்தது. நான் பார்த்தேன். ஓம் பிரகாஷ் நல்ல நடிகர்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கண்ணுக்கு அந்த நாற்காலி காலியாகத்தான் தெரிந்தது.

ஸ்ரீதர் 'காதலிக்க நேரமில்லை'யை எடுத்த வருஷம் 1964. சோகத்துக்குப் பேர்போன இயக்குநர், ஈஸ்ட்மென் கலரில் முழு நகைச்சுவையாக ஒன்று எடுக்கிறார். ரவிச்சந்திரன் புதுமுகம். நாகேஷுக்கு மவுசு ஏறிக்கொண்டிருந்த நேரம். இத்தனை இளசுகளுக்கு நடுவில் முழுப் படத்தையும் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர் ஐம்பது வயது பாலையா. முப்பது வருஷம் பேராசைக்காரர்களாக நடித்த அனுபவம் அவருக்கு அங்கே கைகொடுத்தது. அதில் அவர் செய்த எஸ்டேட் விசுவநாதனின் ஆசையும் பழைய வில்லன்களின் ஆசையும் ஒன்றுதான். வாள் மட்டும் இல்லை. ஆச்சியின் சந்தேகத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு அப்பா வேடங்கள் வரிசையாக வந்தன. 'ஊட்டி வரை உறவு' ஒரு பக்கம். பாலசந்தரின் 'பாமா விஜயம்' இன்னொரு பக்கம். 'பாமா விஜயம்' எங்கள் அப்பாவுக்கு மிகவும் பிடித்த படம். அவரும் பள்ளிக்கூட வாத்தியார், படத்தில் பாலையாவும் ஓய்வு பெற்ற வாத்தியார். பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் மூன்று மருமகள்களும் தவணையில் சாமான் வாங்கிக் குவிக்கிற கதை. மாசக் கடைசியில் அம்மா மளிகைக் கடன் நோட்டை நீட்டினால் அப்பா பேச மாட்டார். அந்தப் படத்தில் வருகிற வரவு செலவுப் பாட்டைச் சீட்டியடிப்பார். அம்மா நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இந்தியில் அந்த வேடத்தை பிருத்விராஜ் கபூர் செய்தார் என்று பிற்பாடு தெரிந்தபோது அப்பாவிடம் சொன்னேன். "மொகலே ஆஜம் அக்பரா? அவர் எங்கடே மளிகைக் கணக்குப் பாத்திருக்கப் போறாரு?" என்று கேட்டார்.

பாலையாவின் மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் நடித்தார். 'கரகாட்டக்காரன்' பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். 'சாட்டை'யில் தலைமையாசிரியராக வந்தார். அமைதியான, யாரைக் கண்டாலும் பயப்படுகிற ஒரு தலைமையாசிரியர். அந்தப் படத்தில் ஓரிடத்தில் அவர் திரும்பிப் பார்த்தபோது எனக்கு ஒரு நொடி திக்கென்றது. அப்பாவின் அதே புருவம். 2023 நவம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார். இரங்கல் செய்திகளில் பாதி வரி அப்பாவைப் பற்றியே இருந்தது. அப்பா பெயரைத் தன் பெயராகவே சுமக்கிறவர்களுக்கு இது நேர்கிறதுதான்.

எங்கள் வீட்டில் பாலையா இன்னும் ஒரு விதத்தில் புழங்குகிறார். 'காதலிக்க நேரமில்லை'யில், தான் வேலையை விட்டு விரட்டிய பையன் பெரிய கோடீஸ்வரரின் மகன் என்று கேள்விப்பட்டதும் அவர் வாயில் மரியாதை பொங்கி வழியும். பையன் பெயருக்குப் பின்னால் 'அர்' சேர்ப்பதோடு நிற்காமல், மகனை 'மகர்' ஆக்கிவிடுவார். சித்தப்பா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாலு தெரு தள்ளி ஒரு பையன் இருப்பதாகத் தரகர் சொன்னார். "அந்தப் பயலா? பீடி குடிச்சிக்கிட்டு முக்குல நிப்பானே" என்றார் சித்தப்பா. பையனின் அப்பாவுக்கு நாகர்கோவிலில் இரண்டு ரைஸ்மில் இருக்கிறது என்று தரகர் மெதுவாக எடுத்துவிட்டார். சித்தப்பா துண்டைச் சரி செய்துகொண்டு, "தம்பி என்ன படிச்சிருக்காப்ல?" என்றார். கொஞ்ச நேரத்தில் ரைஸ்மில் மூன்று என்று தெரிந்தது. "அவுக எப்ப வீட்ல இருப்பாக?" என்று கேட்டார். உள்ளறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த என் அண்ணன், பாலையா குரலை அப்படியே பிடித்து, "அவுக மகருங்களா?" என்று ஒரு இழுவை இழுத்தான். தரகர் உட்பட அத்தனை பேரும் சிரித்தோம். சித்தப்பாவுக்கும் அந்தப் படம் மனப்பாடம் என்பதால் அவராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அந்த வரனே முடிந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் சித்தப்பா மருமகனை 'அவுக' என்றுதான் சொல்கிறார். ரைஸ்மில்லில் இரண்டை விற்றாகிவிட்டது.